பெண்டிர் மனநலமும் சமூக நலத் திட்டங்களும்

மனநோய் என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவமனையும் மாத்திரையுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. நோயுற்றவரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா, அவர் கையில் காசு புழங்குகிறதா, அவருக்குரிய உதவித்தொகை மாதந்தோறும் வந்து சேர்கிறதா என்னும் வினாக்கள் மனநலத்துக்குத் தொடர்பற்றவை எனக் கருதப்படுவது வழக்கம். கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் நடைபெற்ற ஆராய்ச்சிகள் இக்கருத்தை மாற்றியுள்ளன. வறுமை, கடன், வீட்டு வன்முறை, ஓய்வின்மை ஆகியவை மனத்தை நோயுறச் செய்யும் காரணங்களுள் முக்கியமானவை என்பதும், அவை ஆணையும் பெண்ணையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை என்பதும் இப்பொழுது தெளிவாகியுள்ளன. ஆகவே, சமூக நலத் திட்டங்களை மக்களிடம் கொண்டு சேர்க்கும் ஊழியர்கள் அறிந்தோ அறியாமலோ மனநலப் பணியையும் செய்து வருகிறார்கள். அப்பணி அறிந்து செய்யப்படுமாயின் அதன் பயன் பன்மடங்காகும்.

கணக்கெடுப்பு கூறுவது

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிலையமான நிமான்ஸ், 2015–16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அதன்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் அப்பொழுது ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளாகியிருந்தனர். ஆண்களிடையே இவ்விகிதம் 13.9 ஆகவும், பெண்களிடையே 7.5 ஆகவும் இருந்தது. இவ்வெண்களை மட்டும் காண்போர், பெண்களின் மனநலம் ஆண்களுடையதைவிடச் சிறந்தது என எண்ணக்கூடும். அது சரியன்று. மது முதலிய போதைப் பொருள்களால் விளையும் கோளாறுகள் ஆண்களிடையே மிகுந்திருப்பதே அவர்களுடைய மொத்த விகிதம் உயர்ந்திருப்பதற்கு முக்கியக் காரணம். மனச்சோர்வும் பதற்ற நோய்களும் பெண்களிடையேதான் அதிகம் காணப்பட்டன. ஒரே குடும்பத்தில் கணவன் மதுவுக்கு அடிமையாகி இருக்க, மனைவி மனச்சோர்வில் ஆழ்ந்திருப்பதை ஊழியர்கள் அடிக்கடி காண்கிறார்கள். இவ்விரு நோய்களும் பலவேளைகளில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

அக்கணக்கெடுப்பு மற்றோர் உண்மையையும் புலப்படுத்தியது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்களுக்கு ஆளானோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை. மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். தமக்கு வந்துள்ளது நோய் என்பதையே பலர் அறியாதிருப்பது மற்றொரு காரணம். மனச்சோர்வுற்ற பெண் தன் துன்பத்தை மனத்துன்பமாகச் சொல்வது அரிது. தலைவலி, உடல் அசதி, இடுப்புவலி, வெள்ளைப்படுதல், தூக்கமின்மை என்றே அவள் சொல்வாள். கோவாவில் நடந்த ஆய்வுகளில், தீராத அசதியும் வெள்ளைப்படுதலும் பல பெண்களிடம் மனத்துன்பத்தோடு இணைந்தே காணப்பட்டன. ஆயினும் அவர்கள் சத்து மாத்திரையோடு வீடு திரும்புவதே பெரும்பாலும் நடக்கிறது.

காரணம் எங்கே இருக்கிறது?

பெண்ணின் மனம் இயற்கையிலேயே மெலியது, ஆதலால்தான் அவளுக்கு மனச்சோர்வு எளிதில் வருகிறது என்னும் பழைய கூற்று இன்றும் வழங்கி வருகிறது. பருவமடைதல், கருத்தரித்தல், மகப்பேறு ஆகிய காலங்களில் உடலில் நிகழும் மாறுதல்களுக்கு இதில் பங்கு உண்டு. எனினும், அம்மாறுதல்கள் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானவை. மனச்சோர்வோ எல்லாருக்கும் வருவதில்லை. யாருக்கு வருகிறது என்று ஆராயும்பொழுது, அவர்களுடைய வாழ்க்கை நிலைமை முன்னே வந்து நிற்கிறது.

முதலாவது, உழைப்பின் பளு. 2024ஆம் ஆண்டில் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாள் ஒன்றுக்கு 289 நிமிடங்களையும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களையும் அவற்றில் செலவிட்டனர். குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோரைப் பேணுவதில் செல்லும் நேரம் இதற்கு மேற்பட்டது. இரண்டாவது, வீட்டு வன்முறை. 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் நூற்றுக்கு 29.3 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். வன்முறைக்கு ஆளான பெண்களில் பிறர் உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. மூன்றாவது, கையில் பணமின்மை. குடும்பத்தின் வருமானம் எவ்வளவாயினும், அதனைச் செலவிடும் உரிமை தன்னிடம் இல்லாத பெண், நோய்க்கு மருந்து வாங்கவும், தாய்வீடு செல்லவும், அடிபடும் வீட்டைவிட்டு வெளியேறவும் பிறர் கையையே எதிர்பார்த்திருக்கிறாள்.

இவற்றின் விளைவு சில சமயங்களில் உயிரிழப்பாகவே முடிகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021இல் நாட்டில் 1,64,033 பேர் தற்கொலையால் மாண்டனர். அவர்களுள் பெண்கள் 45,026 பேர். அப்பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 23,000க்கும் அதிகமானோர், இல்லத்தரசிகள். வேலை, ஊதியம், ஓய்வூதியம் என்னும் எந்தப் பதிவேட்டிலும் தம் பெயரால் இடம்பெறாதவர்கள், இறந்தபின் இப்பதிவேட்டில் இவ்வளவு பெருந்தொகையாக இடம்பெற்றிருப்பது ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு

வாழ்க்கை நிலைமைக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பு மகப்பேற்றை ஒட்டிய காலத்தில் மிகத் தெளிவாகப் புலனாகிறது. கோவாவில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு வந்த கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2002இல் வெளியாயிற்று. குழந்தை பிறந்த ஆறு முதல் எட்டு வாரங்களில் அவர்களுள் நூற்றுக்கு 23 பேர் மனச்சோர்வுற்றிருந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதங்கள் கழிந்த பின்னரும் குணமடையவில்லை. வறுமையும், கணவன் மனைவியரிடையே இணக்கமின்மையும் இந்நோயோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. பிறந்தது பெண் குழந்தையாயின் இவற்றின் தாக்கம் மேலும் கூடியது.

அதே ஆண்டில், வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராமப் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சியும் வெளிவந்தது. அங்கு மகப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுற்றோர் நூற்றுக்கு 11 பேர். குறைந்த வருமானம், ஆண் மகவை விரும்பியிருக்கப் பெண் மகவு பிறத்தல், மாமியாருடனோ பெற்றோருடனோ மனவேற்றுமை, கர்ப்ப காலத்தில் நேர்ந்த இன்னல்கள், கைவேலைக்குத் துணை இல்லாமை ஆகியவை அங்கே காரணங்களாகக் காணப்பட்டன. இப்பட்டியலில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை மருந்தால் தீர்பவை அல்ல. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் சமூக நல ஊழியரின் கைக்கு எட்டாதது என்றும் சொல்ல முடியாது.

தாயின் மனச்சோர்வு தாயோடு நின்றுவிடுவதில்லை. அவள் குழந்தைக்குப் பாலூட்டுவதும், அதனோடு பேசிச் சிரிப்பதும், உரிய நாளில் தடுப்பூசிக்குக் கொண்டு செல்வதும் குறைகின்றன. எடை ஏறாத குழந்தையைக் காணும் அங்கன்வாடி ஊழியர், குழந்தையின் உணவைப் பற்றி விசாரிப்பதோடு தாயின் மனநிலையையும் விசாரிப்பது அவசியம்.

பணம் மனத்தை மாற்றுமா?

ஏழைத் தாய்மார்கள் மருத்துவ நிலையங்களில் பிள்ளை பெறுவதை ஊக்குவிக்க 2005இல் ஜனனி சுரக்ஷா யோஜனா தொடங்கப்பட்டது. உத்தரப்பிரதேசம் போன்ற மாநிலங்களில் கிராமத் தாய்மாருக்கு 1,400 ரூபாய் வழங்க அதில் ஏற்பாடு செய்யப்பட்டது. அத்தொகையைப் பெற்ற தாய்மாரையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு உத்தரப்பிரதேசத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சியின் முடிவு 2016இல் வெளியாயிற்று. தொகை பெற்றவர்களிடையே நடுத்தர அளவிலான மனச்சோர்வு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்திருந்தது. மனநலத்தைக் கருதித் தொடங்கப்படாத ஒரு திட்டம் மனநலத்துக்கு உதவியது என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் அத்தாய்மாரின் மகிழ்ச்சியிலோ அன்றாடக் கவலையிலோ மாறுதல் காணப்படவில்லை. ஒரு முறை கிடைக்கும் சிறு தொகை நோயின் கடுமையைத் தணிக்கலாம். வாழ்வின் நெருக்கடி அதனால் நீங்கிவிடாது.

தொகை எவ்வளவு என்பதைப் போலவே, அது யார் கைக்குச் சேர்கிறது என்பதும் முக்கியம். ஊரக வேலை உறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தபொழுது, மனைவி உழைத்த கூலியும் பல இடங்களில் கணவனின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. மத்தியப்பிரதேசத்தின் நான்கு மாவட்டங்களில் சில ஊராட்சிகளின் பெண்களுக்குத் தனிக் கணக்கு திறந்து, கூலியை நேரே அதில் செலுத்தி, கணக்கைக் கையாளும் பயிற்சியும் அளித்தனர். அப்பெண்கள் முன்னிலும் மிகுதியாக வேலைக்குச் சென்றனர். பெண் வேலைக்குச் செல்வதைப் பற்றிய அவர்களுடைய எண்ணமும் தளர்ந்து இணக்கமாக மாறியது. 2021இல் வெளியான இவ்வாராய்ச்சியின் நோக்கம் மனநோயை அளப்பதன்று. ஆயினும், தன் உழைப்பின் பயன் தன் பெயரில் வந்து சேருமாயின் வீட்டில் பெண்ணின் நிலை மாறும் என்பதற்கு அது தக்க சான்று.

வலையின் கண்கள்

சமூக நலத் திட்டங்களை ஒரு வலைக்கு ஒப்பிடலாம். விழுபவரை அது தாங்குகிறது. எனினும் அதன் கண்களின் வழியே நழுவி விழுவோரும் உண்டு. அவர்களில் பெண்களே மிகுதி. இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியத் திட்டம் 2009இல் தொடங்கியது. 2012 முதல் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். மாநிலங்கள் தத்தம் பங்கை அதனுடன் சேர்த்து வழங்குகின்றன. இத்திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 40 வயது நிறைந்த விதவைகளுக்கு உரியது. 28 வயதில் கணவனை இழந்து இரு குழந்தைகளோடு நிற்கும் பெண்ணுக்கு இதில் இடமில்லை. அவளுக்கு உதவி வேண்டுமாயின் மாநிலத் திட்டங்களையே நாட வேண்டும். மணமுறிவுப் பத்திரமும் இறப்புச் சான்றும் இல்லாத கைவிடப்பட்ட மனைவியின் நிலை இன்னும் சிக்கலானது. சட்டப்படி அவளுக்குக் கணவன் உண்டு, வாழ்க்கையிலோ இல்லை.

மனநோயுற்ற பெண்ணோ இரட்டைச் சுமை தாங்குகிறாள். சென்னையிலுள்ள மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ப், அந்நோயினால் மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றி ஆராய்ந்து 2003இல் வெளியிட்டது. அவர்களுள் மிகப் பலரை முதிய பெற்றோரே பராமரித்து வந்தனர். கணவனிடமிருந்து ஜீவனாம்சம் பெற்றவர்கள் மிகச் சிலரே. தமக்குப் பின் மகளின் கதி என்ன என்பதே அப்பெற்றோரின் ஓயாத கவலை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனங்களுள் ஒன்றாக ஏற்றுள்ளது. 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேற்பட்ட ஊனச் சான்று பெற்றவர் பல உதவிகளுக்குத் தகுதி பெறுகிறார். இச்சான்று பெறுவதற்கு மருத்துவமனைக்குப் பலமுறை செல்ல நேரிடும். நோயுற்ற மகளை அழைத்துக்கொண்டு எழுபது வயதுத் தாய் அலைவதைத் தவிர்க்க, உடன் சென்று உதவும் ஊழியர் ஒருவரே போதும்.

ஆண்களின் நிலை

பெண்களின் துயரத்தைக் கூறுவதால் ஆண்களின் துயரம் சிறிதாகிவிடாது. 2021இல் தற்கொலையால் இறந்தவர்களில் நூற்றுக்கு 72க்கும் மேற்பட்டோர் ஆண்கள். அவ்வாண்டு இறந்தவர்களுள் தினக்கூலிகள் மட்டும் 42,004 பேர். குடும்பத்தைக் காப்பவன் ஆணே, அவன் கலங்கலாகாது, பிறரிடம் உதவி கேட்டல் இழிவு என்னும் எண்ணங்கள் சிறுவயது முதலே அவன் மனத்தில் பதிக்கப்படுகின்றன. வேலை போனாலும் கடன் முற்றினாலும் அவன் மருத்துவரை நாடாமல் மதுக்கடையை நாடுகிறான். அதன் அடுத்த விளைவு மனைவிமீது விழுகிறது. ஆதலால், தினக்கூலிக் குடும்பத்துக்கு வேலை கிடைக்கச் செய்தலும், மருத்துவக் காப்பீட்டில் அதனைச் சேர்த்தலும் இருபாலாருடைய மனநலத்தையும் காக்கும் செயல்களாகும். குடும்பத்தாலும் பள்ளியாலும் ஒதுக்கப்படும் திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் அடையாளச் சான்று பெற்றுத் தருதல் இவ்வகையில் முதல் உதவியாகும். பிற உதவிகளுக்கு அதுவே வாயில்.

மருத்துவர் அல்லாதார் செய்யக்கூடியவை

மனநலப் பணியை நிபுணர்கள்தாம் செய்ய முடியும் என்னும் எண்ணத்தைச் சில சோதனைகள் மாற்றியுள்ளன. பாகிஸ்தானில் ராவல்பிண்டி வட்டாரத்துக் கிராமங்களில் பெண் சுகாதார ஊழியர்களுக்குச் சிறு பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற தாய்மாரோடு முறையாக உரையாடச் செய்தனர். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபொழுது, அவ்வாறு உதவி பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு 23 பேரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. பெறாதவர்களில் 53 பேரிடம் எஞ்சியிருந்தது. இம்முடிவு 2008இல் வெளியாயிற்று. கோவாவின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களை அமர்த்திய சோதனையின் முடிவு 2010இல் வெளிவந்தது. அங்கே ஆறு மாதத்தில் குணமடைந்தோர் நூற்றுக்கு 65.9 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற நிலையங்களில் 42.5 பேர்.

குஜராத்தின் மேசாணா மாவட்டத்தில் நடைபெற்ற ஆத்மீயதா என்னும் திட்டம் மேலும் ஒரு படி சென்றது. அங்கே கிராமத் தொண்டர்கள் மனத்துன்பமுற்றோரைச் சந்தித்து உரையாடுவதோடு, ஓய்வூதியம் முதலிய நல உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் துணை நின்றனர். ஆறுதல் மொழியும் அரசு உதவியும் ஒரே கையால் வழங்கப்படுவது இதன் சிறப்பு.

ஊழியர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு. பெண்ணிடம் தனிமையில் பேசுதல் வேண்டும். மாமியாரோ கணவனோ அருகிலிருக்கையில் உண்மை வெளிப்படாது. கடந்த இரு வாரங்களாகப் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்திருந்ததா, வழக்கமாக விரும்பிச் செய்யும் காரியங்களில் நாட்டம் இல்லாமற் போயிற்றா என்னும் இரு வினாக்களை இயல்பாகக் கேட்கலாம். விடை ஆம் எனில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்கும் அனுப்ப வேண்டும். உயிர் வாழ விருப்பமில்லை என ஒருவர் சொன்னால் அதனை மிரட்டலாகக் கருதலாகாது. நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படாது. மாறாக, கேட்கப்பட்டவரின் பாரம் குறையும். அத்தகையவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் சில நாட்களிலேயே உறக்கமின்றிப் பிதற்றுதல், இல்லாத குரல்களைக் கேட்டல், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை கொள்ளுதல் ஆகியவை காணப்பட்டால், அது பேய்க் குற்றம் அன்று. தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய அவசர நிலை. ஊழியர் அறிந்த செய்தி எதுவும் ஊர்ப் பேச்சாகிவிடக் கூடாது.

ஆசிரியர்களின் பங்கும் சிறிதன்று. அடிக்கடி பள்ளிக்கு வராத மூத்த பெண் பிள்ளையின் வீட்டில் தாய் படுக்கையில் இருக்கக்கூடும். தம்பி தங்கையரைக் காப்பதும் சமைப்பதும் அப்பிள்ளையின் பொறுப்பாகியிருக்கும். வருகைப் பதிவேட்டின் இடைவெளிகள் ஒரு குடும்பத்தின் நிலையைக் கூறவல்லவை. அவற்றைப் படித்து அங்கன்வாடிக்கோ ஆஷா ஊழியருக்கோ தெரிவிக்கும் ஆசிரியர், மாணவியின் கல்வியையும் தாயின் உயிரையும் ஒருங்கே காக்கக்கூடும். அழுவது ஆண்மைக்கு இழுக்கு என்று சிறுவனைக் கடிந்துகொள்ளாமையும் மனநலப் பாடமே.

சட்டம் தரும் துணை

2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்கள் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். சிகிச்சையிலுள்ள தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்றும் அச்சட்டம் விதித்துள்ளது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகவே கொண்டு, பராமரிப்பு அளிக்குமாறும் அது பணிக்கிறது. வழக்குக்கு அஞ்சி அத்தகையவரை மறைத்து வைக்கும் குடும்பங்களுக்கு இதனை எடுத்துரைத்தல் ஊழியரின் கடமை. 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் 181 என்னும் எண்ணை அழைக்கலாம்.

சட்டமும் தொலைபேசி எண்ணும் திட்டமும் இருந்தும், அவற்றுக்கும் அவை வேண்டியிருப்பவருக்கும் இடையே ஒரு தூரம் உள்ளது. பல கிராமங்களில் அத்தூரத்தைக் கடப்பவர் களப்பணியாளர் ஒருவரே. ஓய்வூதிய விண்ணப்பம் ஒன்று மேசையில் மூன்று மாதம் தங்குமாயின், அம்மூன்று மாதமும் ஒரு வீட்டில் உறக்கம் கெடுகிறது என்பதை அலுவலகங்கள் உணர வேண்டும். விண்ணப்பத்தை உரிய நாளில் அனுப்புதல், தொகை பெண்ணின் பெயரிலேயே சேருமாறு பார்த்துக்கொள்ளுதல், மறுமாதம் சென்று அது வந்ததா எனக் கேட்டறிதல் ஆகிய மூன்றும் எந்த ஊழியராலும் இன்றே தொடங்கக்கூடியவை. இவற்றுக்குப் புதிய நிதியும் வேண்டுவதில்லை. புதிய ஆணையும் வேண்டுவதில்லை.